இலஞ்சியம் வீட்டுச் சாவுகள்

மருதூத்து கிராமத்தின் கீழத்தெருவில், பீடி சுற்றும் இலஞ்சியத்தின் வாசலில், ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு முதல் பிணம் விழுந்தது. ஒரு முழ நீளம் இருந்தது. அடுப்புக்கரி நிறத்தில் உடம்பும், கழுத்தில் சிவப்புத் துண்டும், வலது கையில் ஈர்க்குச்சி அளவுக்கு ஒரு வாளும் இருந்தன. தூக்கிப் பார்த்தால் காய்ந்த பீர்க்கங்காய் நாரின் கனம்தான். மேலேயிருந்து விழுந்ததா, மண்ணுக்குள்ளிருந்து வந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. எதிர்வீட்டுப் பிரம்மசக்தி குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தபோது அது கிடந்தது. அவள் குடத்தை இறக்காமலேயே வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "மதினி, ஒங்க வாசல்ல ஒரு சவம் கெடக்கு" என்று சொல்லிவிட்டு நடையை நிறுத்தாமல் போனாள்.

இலஞ்சியம் வெளியே வந்து பார்த்தாள். அது யார் என்று அவளுக்குத் தெரிந்தது. அரை நிமிஷத்துக்கு முன்தான் அவள் கையிலிருந்த போனில் ஓடும் ஆட்டத்துக்குள், மூன்றாவது நிலவறையில், சுவருக்குச் சுவர் தாவிப் போகும் இடத்தில் ஒரு தாவல் தப்பி, முள்குழியில் விழுந்து செத்திருந்தான். நாலு மாதமாக ஒரு நாளைக்கு மூன்று தரம், நாலு தரம் என்று அவள் விரலுக்கடியில் செத்துக்கொண்டிருந்தவன். இத்தனை தரம் செத்தவன் எங்கேயாவது வந்து விழத்தானே வேண்டும் என்று அவள் நினைத்தாள். பீடி இலை நனைத்து வைக்கிற ஈரச் சாக்கை எடுத்து வந்து அவன்மேல் மூடினாள்.

அந்த ஆட்டம் அவளுடையதல்ல, அவளுடைய புருஷன் கொம்பையாவுடையது. அவர் வளைகுடாப் பக்கம் கடலில் மண் அள்ளும் கப்பல் ஒன்றில் சமையல் ஆளாகப் போனவர். ஐந்தரை வருஷத்துக்கு முன் ஒரு நாள் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கொம்பையா கப்பலில் காணப்படவில்லை, கடலில் தேடியும் கிடைக்கவில்லை என்று அதில் இருந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு பை வந்தது. மூன்று சட்டை, ஒரு தாளிப்புக் கரண்டி, ஒரு போன். ஆள் வரவில்லை, உடம்பும் வரவில்லை. மருதூத்தில் சாவு என்றால் உடம்பு தெருவில் கிடக்க வேண்டும். கிடந்தால்தான் அம்மன் கோயில் நடை சாத்துவார்கள், தெருவில் அடுப்பை அணைப்பார்கள், ஊர் நோட்டில் பெயரை எழுதுவார்கள். உடம்பு இல்லாததால் கொம்பையா சாகவில்லை. ஆள் இல்லாததால் உயிரோடும் இல்லை. அன்றிலிருந்து, கல்யாண வீடுகளில் ஆரத்தித் தட்டு கைமாறி இலஞ்சியம் வரைக்கும் வரும், ஒரு நொடி நிற்கும், பிறகு அவளைத் தாண்டி அடுத்தவள் கைக்குப் போகும். யாரும் தப்பாக ஒன்றும் சொன்னதில்லை. தட்டு நிற்கும் அந்த ஒரு நொடிதான் அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

போனை அவள் ஐந்து வருஷம் சார்ஜ் போட்டு வைத்திருந்தாளே தவிர, நோண்டியதில்லை. பேட்டரி உப்பி, பின்மூடி விலகி, ரப்பர் வளையம் போட்டுத்தான் நின்றது. ஒரு நாள் பீடிக்கடையில் புகையிலைத் தூள் வரவில்லை என்று வேலை நின்றபோது, வெறுங்கையாக உட்கார முடியாமல் அதைத் திறந்தாள். திருநெல்வேலியில் துணிக்கடையில் வேலை பார்க்கும் மகள் முத்துப்பேச்சி, லீவுக்கு வந்திருந்தவள், திரையில் இருந்த இங்கிலீஷை வாசித்துச் சொன்னாள். ஆட்டத்தை விட்ட இடத்தில் சேர்த்து வைக்க மூன்று கட்டங்கள் உண்டு, ஒவ்வொன்றிலும் தனித்தனி ஆட்டம். முதல் கட்டத்தில் அப்பா ஆடியது அப்படியே நிற்கிறது, நானூற்றுப் பன்னிரண்டாவது முயற்சி, கடைசிக் கதவு. மற்ற இரண்டு கட்டங்களும் காலி.

கொம்பையா கடைசியாகப் பேசிய அன்று, அரிசி விலை கேட்டு, மகள் படிப்பைக் கேட்டு, பேச ஒன்றும் இல்லாமல் போனபோது இதைத்தான் சொன்னார். "கடைசிக் கதவு முன்னால நிக்கேன் பாத்துக்கோ. கை அசந்திட்டு. நாளைக்கு ஆடிக்கிடுதேன்." அந்த நாளை அப்புறம் வரவில்லை. இலஞ்சியம் முதல் கட்டத்தைத் தொடவில்லை. இரண்டாவது கட்டத்தில் புதிதாக ஆரம்பித்தாள். நன்றாகக் கை பழகிய பிறகு, ஒரு நாள் முதல் கட்டத்தைத் திறந்து, அவர் விட்ட இடத்திலிருந்து அவரை அந்தக் கதவுக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் அவள் கணக்கு. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆட்டம் பீடி வேலை மாதிரிதான் இருந்தது. காலையில் வெறும் தட்டு. இலையை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, வாயை மடக்கி ஆயிரம் சுற்றிக் கொடுத்துவிட்டு வந்தால் மறுநாள் காலையில் மறுபடியும் அதே வெறும் தட்டு. ஆட்டத்திலும் அப்படியே: முதல் அறையில் வெறுங்கையோடு எழுந்திருப்பான், ஓட வேண்டும், தாவ வேண்டும், எதிரி கையை ஓங்கும்போது அவன் காலுக்கடியில் உருண்டு அந்தப் பக்கம் போய் முதுகில் வெட்ட வேண்டும், வாள் கிடைக்கும், கேடயம் கிடைக்கும், மருந்துக்குப்பி கிடைக்கும், செத்தால் எல்லாம் போய் மறுபடியும் முதல் அறை. அறைகளும் போன தரம் இருந்த வரிசையில் இருக்காது. இடம் தெரிந்து ஆடுகிறவன் சாவான், கை தெரிந்து ஆடுகிறவன் கொஞ்சம் பிந்திச் சாவான். அவளுடைய விரல்கள் முப்பது வருஷமாகக் கண்ணின் தயவில்லாமல் ஓடிய விரல்கள். ஒரு மாதத்தில் அவை ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டன. தூரத்தில் நின்று கல்லை எறிந்துகொண்டே இருக்கும் குண்டன் ஒருவனுக்கு, பீடிக்கடையில் நல்ல பீடியையும் கழித்துத் தள்ளும் செக்கர் பெயரையே வைத்திருந்தாள். அவனைக் கொல்லும்போது மட்டும் ஒரு வெட்டுக் கூடுதலாக வெட்டுவாள்.

முதல் பிணம் விழுந்த அன்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு வந்து, சாக்கை விலக்கிப் பார்த்து, சாணால் அளந்து, இதை எழுதத் தன்னிடம் படிவம் கிடையாது என்று சொல்லி, பிரம்மசக்தி வீட்டில் ஒரு காப்பி குடித்துவிட்டுப் போனார். மறுநாள் இரண்டு விழுந்தன. வெள்ளிக்கிழமை நாலு. அம்மன் கோயில் பூசாரி சொரிமுத்துதான் முதலில் ஊர்க்கூட்டம் கேட்டார். தெருவில் பிணம் கிடக்கிறது, நான் நடை திறக்கவா சாத்தவா, எனக்கு ஒரு வழி சொல்லுங்கள் என்றார்.

கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. இவை எங்கிருந்து வருகின்றன என்று யாரோ கேட்டதற்கு, வருவது வருகிறது, அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது, வந்ததை என்ன செய்வது என்று பேசுங்கள் என்றார் ஊர்த்தலைவர் வெள்ளப்பாண்டி. மூன்று மணி நேரம் பேசினார்கள். இது மனுஷப் பிணமா என்றால், இரண்டு கை, இரண்டு கால், ஒரு துண்டு இருக்கிறது, துண்டு போடும் மிருகம் உண்டா என்று ஒருவர் கேட்டார். அப்படியானால் யார் வீட்டுச் சாவு என்று கேள்வி வந்தது. நாய் குரைத்துக்கொண்டே இருந்தது, எல்லோருக்கும் பசி எடுத்தது, கடைசியில் வெள்ளப்பாண்டி எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, தீர்ப்பைச் சொன்னார்.

"எந்த வாசல்ல விழுதோ, அந்த வீட்டுச் சாவு. சின்னது பெருசுன்னு சாவுல கெடையாது. எழுதிக்கிடுங்க."

அப்படித்தான் ஊர் நோட்டில் 'இலஞ்சியம் வீடு, சாவு ஒன்று' என்று எழுதப்பட்டது. அதன்கீழ் இன்னொரு வரி, அதன்கீழ் இன்னொன்று. பெயர் போடும் இடத்தைக் காலியாக விட்டார்கள், அவனுக்குப் பெயர் இல்லை.

பிறகு ஊர் அதற்குப் பழகிய விதத்தைச் சொல்ல வேண்டும். சொரிமுத்து முதல் பத்து நாள் ஒவ்வொரு பிணத்துக்கும் நடையின் இரண்டு கதவையும் சாத்தினார், அப்புறம் ஒரு கதவை மட்டும் சாத்தி மற்றதைத் திறந்து வைத்தார், அம்மனும் ஒன்றும் சொல்லவில்லை. பெண்கள் முதலில் அடுப்பை அணைத்தார்கள். சோறு பாதி வேகாமல் கெட்டுப்போனதால், கேஸைச் சின்னதாகக் குறைத்து வைத்தால் போதும், அதுவே அணைத்த மாதிரிதான் என்று தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பதினாறு நாள் தீட்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கணக்குப் பார்த்தால் இலஞ்சியத்துக்கு எண்பது வயது வரைக்கும் தீட்டு இருக்கும் என்று தெரிந்ததும், குழாயடியில் ஒரு குடம் தலைக்கு ஊற்றினால் தீர்ந்தது என்று ஊர்க்கமிட்டி சொல்லிவிட்டது. வெட்டியான் வேலை பார்க்கும் மூக்கையா தினமும் சாயங்காலம் அரிசி புடைக்கும் சுளகு ஒன்றோடு வந்து, கிடப்பதை அதில் வைத்துக்கொண்டு, காய்கறி வாங்கிப் போகிறவர் மாதிரிக் குளத்துக்கரைக்குப் போவார். எழுபது ஆனபோது, தனித்தனியாக வெட்ட முடியாது என்று, வாழைக்கு வெட்டுவதுபோல நீளமாக ஒரு பள்ளம் முன்கூட்டியே வெட்டி வைத்துக்கொண்டார். "யம்மா, இன்னைக்கு எத்தனைன்னு மதியமே சொல்லிட்டியன்னா சவுரியமா இருக்கும்" என்று ஒரு தரம் கேட்டுப் பார்த்தார். அது தன் கையில் இல்லை என்று இலஞ்சியம் சொன்னாள். அவரும் ஒத்துக்கொண்டார், தன் தொழிலிலும் அப்படித்தான் என்றார்.

ஆட்டத்தை நிறுத்து என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ஆடி மாதத்து அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கால் நாட்டிய பிறகு ஊரில் சாவு விழக்கூடாது என்பதால், அந்தப் பத்து நாள் மட்டும் போனைத் தொடாதே என்று கேட்டுக்கொண்டார்கள், அவள் தொடவில்லை. கொடை முடிந்த மறுநாள் ஒரே சாயங்காலத்தில் ஏழு விழுந்தன. பத்து நாள் கை விட்டுப்போனதில் தாவல் எல்லாம் தப்பிவிட்டது. மற்ற நாட்களில், பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு அவள் வீடு திரும்பும் ஐந்து மணிக்கு, பிரம்மசக்தி அரிசியைக் களைந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்பாள்.

"மதினி, இன்னைக்கு ஆடுவியளா? ஒலய வைக்கவா?"

"செத்த நேரம் ஆடுவேன். ஆறரைக்கு வையி."

இதுவே இரண்டு வருஷம் தெருவின் கடிகாரமாக இருந்தது.

இரண்டாவது வருஷம் மாசி மாதத்தில் அவள் ஒரு தரம் ஜெயித்தாள். கடைசிக் கதவில் நிற்கிறவனுக்கு அவள் பூட்டுக்காரன் என்று பெயர் வைத்திருந்தாள். இடுப்பில் சாவிக்கொத்து தொங்க, வீட்டுக் கூரை உயரத்துக்கு நிற்பான். அவன் ஓங்கினால் இரண்டு எண்ணி நகர வேண்டும், தரையில் தட்டினால் மூன்று எண்ண வேண்டும், சாவி குலுங்கினால் உடனே உருள வேண்டும். அவனிடம் பதினெட்டுத் தரம் செத்து, பத்தொன்பதாவது தரம் அவனைச் சாய்த்தாள். கதவு திறந்தது. முழ உயரக் கரிய மனிதன் வாளைக் கீழே போட்டுவிட்டு வெளிச்சத்துக்குள் நடந்து போனான். அன்று வாசலில் எதுவும் விழவில்லை. மூக்கையா வெறும் சுளகோடு திரும்பிப் போனார். இலஞ்சியம் திரை மாறுகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் மங்கியது. மங்கி முடிந்ததும், அவன் முதல் அறையில், வெறுங்கையோடு, எழுந்து நின்றான்.

அவ்வளவுதான். தோற்றாலும் முதல் அறை, ஜெயித்தாலும் முதல் அறை. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். முதல் கட்டத்தில் நிற்கிறவரைக் கதவுக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று இத்தனை நாள் வைத்திருந்தாளே, அப்பால் என்று ஒரு இடமே இல்லை என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனாலும் மறுநாள் ஆடினாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு விழுந்தவையும் முன்பு போலவே முழ நீளம்தான், முன்பு போலவே கனமில்லை.

ஆனியில் முத்துப்பேச்சிக்கு வரன் அமைந்தது. பையன் நல்ல பையன், ஆலங்குளம் பக்கம், லேத்துப் பட்டறை வைத்திருந்தான். பையனின் அப்பா தவசிக்கனி கல்யாணக் கடிதாசி அடிக்க விவரம் வாங்க வந்தார், பேனாவைத் திறந்துகொண்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊர்ப்பெயர், தாத்தா பெயர், தாய்மாமன் பெயர் எல்லாம் எழுதினார். பெண்ணின் தகப்பனார் பெயருக்கு வந்ததும் பேனா நின்றது. ஆரத்தித் தட்டு நிற்குமே, அதே மாதிரி.

"தப்பா நெனைக்கப்படாது. திருன்னு போடவா, தெய்வத்திருன்னு போடவா?"

தவசிக்கனி நல்ல மனிதர், அவரே பேசினார். திரு என்று போட்டால், ஆள் எங்கே, மணவறையில் யார் நின்று தாரை வார்ப்பது என்று பத்துப் பேர் கேட்பார்கள். தெய்வத்திரு என்று போட்டால், எப்போது, எந்த ஊர்ச் சுடுகாடு, பதினாறுக்கு எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று இருபது பேர் கேட்பார்கள். தனக்கு ஒன்றுமில்லை, எது ஊர் நோட்டில் இருக்கிறதோ அது போதும், ஆவணி இருபதில் முகூர்த்தம், ஆடி பிறக்கிறதற்குள் ஒரு வார்த்தை சொன்னால் அச்சுக்குக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டு, தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். பக்கத்து ஊர் ஐயர் தர்ப்பையில் உருவம் செய்து எரிக்கலாம் என்று சொன்னதாக ஒருவர் வந்து சொன்னார். நம்மில் அந்த வழக்கம் கிடையாது, புல்லுக்கு நடை சாத்த முடியாது என்று சொரிமுத்து சொல்லிவிட்டார்.

முத்துப்பேச்சி துணிக்கடையிலிருந்து போன் பண்ணி, எது போட்டாலும் தனக்குச் சம்மதம் என்றாள். பிறகு போனை வைக்கப் போனவள், "ஆனா எதாவது ஒண்ணு போடும்மா. எடம் காலியா மட்டும் விடாண்டாம்" என்றாள்.

மறுநாள் இலஞ்சியம் கடைக்குப் பீடி கொண்டுபோகும் வழியில், தட்டை இடுப்பில் வைத்தபடியே வெள்ளப்பாண்டி வீட்டு முன் நின்றாள். சொரிமுத்துவும் அங்கே இருந்தார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"அண்ணாச்சி, எந்த வாசல்ல விழுதோ அந்த வீட்டுச் சாவுன்னு சொன்னிய. எங்க வீட்டுல ஆயிரத்து இருநூத்திப் பதினாறு சாவு எழுதியிருக்கிய."

"ஆமா, எழுதியிருக்கு."

"இன்னும் ஒண்ணு விழுந்தா எழுதுவியளா?"

"இதென்ன கேள்வி. எழுதாம?"

"பேரு போட்டு?"

வெள்ளப்பாண்டி வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். சொரிமுத்து தரையைப் பார்த்தார். இலஞ்சியம் முதல் கட்டத்தைப் பற்றி அன்றுதான் முதல் தடவையாக வாய் திறந்து சொன்னாள். அதில் நிற்பது தன்னுடையவன் அல்ல, அவர் கை தொட்டு நிறுத்தி வைத்தவன், அவர் விட்ட இடத்தில் ஏழு வருஷமாக நிற்கிறான், அவன் விழுந்தால் அது யார் என்று ஊர்தான் சொல்ல வேண்டும். ரேஷன் கடையில் பெயர் விட்டுப்போனதைச் சொல்வது போலச் சொன்னாள். வெள்ளப்பாண்டி யோசித்தார். ஆயிரத்து இருநூற்றுப் பதினாறைச் சாவு என்று எழுதிவிட்டு ஆயிரத்து இருநூற்றுப் பதினேழை இல்லை என்று சொல்ல அவருக்கு வழி தெரியவில்லை. தன் தீர்ப்பு சுற்றிக்கொண்டு வந்து தன் காலிலேயே மாட்டியது அவருக்குப் புரிந்தது. கோபம் வரவில்லை, ஒரு மாதிரி ஆறுதலாகத்தான் இருந்தது.

"விழட்டும்மா. பாத்து எழுதுவோம்."

ஆனி கடைசி வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொண்டார்கள். அன்று பீடிக்கடைக்கு அவள் போகவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருவில் ஆட்கள் தாமாக வந்து நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. பெண்கள் படியில் உட்கார்ந்தார்கள், ஆண்கள் மின்கம்பத்தடியில் நின்றார்கள். மூக்கையா சுளகோடு வந்து ஓரமாகக் குத்தவைத்தார். லீவு போட்டு வந்திருந்த முத்துப்பேச்சி அம்மாவின் இடப்பக்கமும் பிரம்மசக்தி வலப்பக்கமும் உட்கார, இலஞ்சியம் சுவரில் சாய்ந்துகொண்டு முதல் கட்டத்தைத் திறந்தாள்.

அவர் நின்றார். கடைசிக் கதவு முன்னால், சிவப்புத் துண்டு காற்றில் லேசாக ஆட, ஏழு வருஷமாக நின்ற இடத்தில் நின்றார். அவர் கையில் என்ன இருக்கிறது என்று அவள் முதல் தரம் பார்த்தாள். வாள் இல்லை. பெரிய கேடயம் ஒன்று, ஒரு சாட்டை. இப்படியும் ஆடலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அவள் எப்போதும் வாளும் ஓட்டமும்தான். உயிர் எவ்வளவு மிச்சம் என்று திரையில் காட்டும் உயிர்க்கோடு கால்வாசிதான் இருந்தது. ஆனால் மருந்துக்குப்பி நாலும் நிறைந்திருந்தன. ஒன்றைக்கூடத் தொடவில்லை. அப்படியே குற்றுயிராக, நாலு குப்பி மருந்தை வைத்துக்கொண்டு, இத்தனை அறை தாண்டி வந்திருக்கிறார்.

"நல்ல சட்டையெல்லாம் பெட்டிலயே வச்சிருப்பாருல்லா," என்றாள் பிரம்மசக்தி.

இலஞ்சியத்துக்குச் சிரிப்பு வந்தது. வந்த மூன்று சட்டையும் மடிப்புக் கலையாத புதுச்சட்டைகள். உடுத்திப் பழசானவற்றோடுதான் அவர் போயிருக்கிறார். அவள் மருந்துப் பொத்தானை அழுத்தினாள், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. உயிர்க்கோடு பச்சையாக நிறைந்தது. அதற்குப் பிறகு கதவைத் திறந்தாள்.

சும்மா சாகவிட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவள் ஆடினாள், அவளுக்குத் தெரிந்த ஆட்டம் முழுவதையும் ஆடினாள். பூட்டுக்காரன் ஓங்கினான், கேடயத்தைத் தூக்கினாள். தரையில் தட்டினான், சுவரில் ஏறி எதிர்ச்சுவருக்குத் தாவினாள். சாவி குலுங்கியது, உருண்டாள், முதுகுப் பக்கம் எழுந்து சாட்டையை வீசினாள். பழகாத ஆயுதம் நாலு வீச்சில் கைக்குப் பழகியது, அப்புறம் அது அவர் கையா தன் கையா என்று அவளுக்குத் தெரியவில்லை. பூட்டுக்காரனின் உயிர்க்கோடு அரைவாசி ஆனது, கால்வாசி ஆனது, நூல் அளவு ஆனது. முத்துப்பேச்சி அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஒரு சாட்டை வீச்சு. அவர் பக்கம் அடியே படவில்லை, கோடு பச்சையாக முழுசாக இருந்தது.

இலஞ்சியம் இரண்டு கட்டைவிரலையும் திரையிலிருந்து தூக்கினாள்.

பிரம்மசக்தி மெதுவாக, "மதினி, கை" என்றாள்.

"போதும்ளா. ரொம்ப நேரம் நின்னுட்டாரு."

பூட்டுக்காரன் ஓங்கினான். மூன்று அடி தேவைப்பட்டது. மூன்றையும் அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். முத்துப்பேச்சி முதல் அடிக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரை கறுத்தது. வெளியே வாசலில், ஈர மண்ணில் மூட்டை இறக்கினாற்போல் ஒரு சத்தம் கேட்டது. ஆயிரத்து இருநூற்றுப் பதினாறு தரமும் சத்தமே கேட்டதில்லை.

முழ நீளம்தான் இருந்தது. அதே கரி நிறம், அதே சிவப்புத் துண்டு. மூக்கையா வழக்கம் போலச் சுளகைப் பக்கத்தில் வைத்து, ஒரு கையால் எடுக்கப் போனவர், எடுக்க முடியாமல் இரண்டு கையும் கொடுத்தார். அசையவில்லை. நிமிர்ந்து ஆண்கள் நின்ற பக்கம் பார்த்தார். வெள்ளப்பாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார், இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். நாலு பேர் குனிந்து, நாலு மூலையில் பிடித்து, ஒரு முழ உடம்பைத் தூக்கினார்கள். வெள்ளப்பாண்டியின் கழுத்து நரம்பு புடைத்தது. சுளகு தாங்காது என்று பிரம்மசக்தி வீட்டுக் கட்டிலை எடுத்து வந்து, அதன் நடுவில், ஒரு தலையணை அளவு இடத்தில் கிடத்தினார்கள்; கட்டில் முனகியது.

யாரும் சொல்லாமலேயே சொரிமுத்து கோயிலுக்குப் போய் நடையின் இரண்டு கதவையும் சாத்தினார். தெருவில் ஒவ்வொரு வீடாக கேஸ் சிலிண்டரின் திருகை மூடும் சத்தம் கேட்டது. பெண்கள் வாசலில் வட்டமாக உட்கார்ந்து, இரண்டு வருஷமாக இந்த வாசலில் அழாதவர்கள், ஏழு வருஷமாக அழ இடம் கிடைக்காதவர்கள், தலையை விரித்துப்போட்டு அழுதார்கள். கொம்பையா வைக்கும் குழம்பைச் சொல்லி ஒருத்தி அழுதாள், அவர் சைக்கிள் ஓட்டிய விதத்தைச் சொல்லி ஒருத்தி அழுதாள். இருட்டுவதற்குள் குளத்துக்கரைக்குக் கொண்டுபோனார்கள். மூக்கையா வாழைப்பள்ளத்தில் வைக்கவில்லை, தள்ளி, ஆறடிக்குத் தனியாக ஒரு குழி வெட்டினார். இவ்வளவு பெரிசு எதற்கு என்று கேட்டவரிடம், கனத்தைப் பார்த்துத்தான் வெட்டணும் என்றார். வெள்ளப்பாண்டி நோட்டில் எழுதினார். 'இலஞ்சியம் வீடு' என்று எழுதிப் பழகிய கை அதையே எழுதப் போய், அடித்துவிட்டு, 'கொம்பையா' என்று எழுதியது.

ஒரு வருஷம் கழியாமல் கல்யாணம் வைக்கலாமா என்று தவசிக்கனி கேட்டு அனுப்பினார். ஏழு வருஷத்துக்கு முந்தின சாவுக்கு இன்னும் ஒரு வருஷம் பொறுக்கணும் என்று எந்த வழக்கமும் இல்லை, பதினாறு கழித்தால் போதும் என்று வெள்ளப்பாண்டி பதில் அனுப்பினார். கடிதாசியில் தெய்வத்திரு என்று அச்சானது. தாலியைப் பற்றிப் பேச வந்த இரண்டு கிழவிகளிடம், அது என் கழுத்து, எனக்கு நேரம் வரும்போது பார்த்துக்கொள்கிறேன் என்று இலஞ்சியம் சொன்னாள்.

பதினேழாம் நாள் அவள் மறுபடியும் தட்டை மடியில் வைத்தாள். இலை காய்ந்து கிடந்தது, நனைத்தாள். விரல்கள் முதல் நூறு பீடிக்கு முரண்டு பிடித்தன, பிறகு ஓடின. கடையில் செக்கர் பதினொரு பீடியைக் கழித்துத் தள்ளினார், வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு வந்தாள். போன் அலமாரியில் சார்ஜில் கிடந்தது. முதல் கட்டத்தில் யாரும் முதல் அறையில் மறுபடி எழுந்து நிற்கவில்லை, அது காலி. இரண்டாவது கட்டத்தில் அவளுடையவன் முதல் அறையில், வெறுங்கையோடு நின்றுகொண்டிருப்பான். அவனுக்கு ஒன்றும் அவசரமில்லை.

ஐந்து மணிக்குப் பிரம்மசக்தி களைந்த அரிசியோடு எதிர்வாசலில் வந்து நின்றாள். கேட்கலாமா வேண்டாமா என்று தெரியாமல், பானையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

இலஞ்சியம் கால் கழுவிக்கொண்டே அவளைப் பார்த்தாள்.

"ஒலய வையிளா. இன்னைக்கு இல்ல."